இருபத்தேழாவது நகர்த்தல்

காசு வைத்து ஆடினோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விருமாண்டி பதினைந்து நாளோடு தப்பித்திருப்பான். சூதாடுகிறவனை ஸ்டேஷனுக்குத் தெரியும். எந்தப் புத்தகத்தில் எழுதுவது, எத்தனை அடி, எவ்வளவு அபராதம் எல்லாம் ஏட்டு சுடலைக்கு மனப்பாடம். காசே வைக்காமல் இரண்டு ஆம்பிளைகள் ஒரு ராத்திரி முழுக்க ஒரு பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை எழுத ஸ்டேஷனில் புத்தகம் கிடையாது.

"காசு?" என்று கேட்டார் சுடலை.

"வைக்கலைங்க."

"கள்ளு?"

"பாய் அஞ்சு வேளை தொழுகிற மனுசங்க."

"பொம்பள?"

"வீட்ல ஒரு சனம் இல்லைங்க. பாய் சம்சாரம் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுத் திருவாதவூருக்கு ஒரு நிக்காவுக்குப் போயிருந்தாக."

"அப்ப எதுக்குடா விடிய விடிய உக்காந்திருந்தீங்க?"

"ஆட்டம் முடியலைங்க."

சுடலை பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். "முடியாட்டி என்ன? போட்ட நெல்லு மழைல நனையுதா? அந்தா கெடக்குன்னு பாதியில எந்திரிச்சு வரவேண்டியதுதான?"

"அது அப்படி வர முடியாதுங்க," என்றான் விருமாண்டி.

அது முப்பத்தொன்றாம் வருஷம், பங்குனி மாசம். மதுரைக்கு மேற்கே, கோச்சடையைத் தாண்டிப் போனால் வரும் ஊர்களில் அப்போது ரேகைச் சட்டம் நடந்தது. இன்ன குலத்தில் பிறந்தவன் என்றால் போதும், பத்து விரலையும் மையில் தோய்த்துக் காகிதத்தில் உருட்டிவிடுவார்கள். திருடினானா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. ரேகை வைத்தவன் ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டேஷன் கொட்டகைக்கு வந்து, பெயர் கூப்பிட்டால் 'ஆஜர்' என்று சொல்லி, விடிகிற வரைக்கும் அங்கேயே படுத்துக் கிடக்க வேண்டும். ஊர் எல்லையைத் தாண்ட ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். எங்கே போகிறான், எதற்குப் போகிறான், எத்தனை மணிக்குத் திரும்புவான் எல்லாம் அதில் எழுதியிருக்கும்.

விருமாண்டி பதினேழாம் வருஷச் சண்டையில் கூலிப்படையில் சேர்ந்து பஸ்ராவுக்குப் போய் மூட்டை சுமந்தவன். திரும்பி வந்தபோது ராஜா தலை போட்ட ஒரு மெடலையும் கொடுத்து அனுப்பினார்கள். மெடலைத் தகரப்பெட்டியில் வைத்த மறுமாசம் ரேகை எடுத்தார்கள்.

அந்தத் தகரப்பெட்டியைச் செய்து கொடுத்தவர் பாதுஷா. மதுரை காஜிமார் தெருவுக்குப் பின்னால் சந்தில் அவருக்குத் தகரப்பெட்டிக் கடை. கடைக்குப் பின்கட்டில் வீடு. அவரும் பஸ்ராவுக்குப் போனவர்தான். அங்கே இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் குளிர்காய்ச்சல் கண்டது. பக்கத்துப் பக்கத்துக் கட்டில். மூன்றாவது கட்டிலில் கால் போன ஒரு பஞ்சாபி ஹவில்தார் கிடந்தான். அவன்தான் துப்பாக்கித் தோட்டாக்களை நிறுத்திவைத்துச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தான். காய்ச்சல் விட்டது. ஆட்டம் விடவில்லை.

ஊர் திரும்பிய பிறகு விருமாண்டி மாசத்துக்கு ஒருமுறை கத்தரிக்காய் விற்கச் சீட்டு வாங்கி மதுரைக்குப் போவான். காய் மத்தியானத்துக்குள் விற்றுவிடும். நேராகப் பாதுஷா வீடு. பெட்டி மூடி ஒன்றில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டு வைத்திருந்தார் பாதுஷா. காய்கள் எல்லாம் தகரத்தில் வெட்டியவை. சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் ஆடுவார்கள். பாங்கு கேட்டதும் விருமாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினால் ஒன்பது மணிக்கு ஆஜர் சொல்லச் சரியாக இருக்கும். பதிமூன்று வருஷமாக இப்படி. பதிமூன்று வருஷத்தில் விருமாண்டி ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. பெரும்பாலும் பாங்குக்கு முன்னாலேயே அவன் ராஜா மடங்கிவிடும்.

போன சனிக்கிழமை பாங்குக்குப் பிறகும் மடங்கவில்லை. அவன் எழுந்திருக்கவும் இல்லை.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு அவன் பெயரைக் கூப்பிட்டபோது கொட்டகையில் யாரும் ஆஜர் சொல்லவில்லை. அதே ராத்திரி அரை மைல் தள்ளி ஒரு பண்ணைக்காரர் தொழுவத்திலிருந்து ஒரு ஜோடிக் காளையை எவனோ ஓட்டிக்கொண்டு போய்விட்டான். விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் விருமாண்டி ஊருக்குள் நடந்து வந்தான். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். ஆனால் சிரித்துக்கொண்டே வந்தானாம். ஊர் எல்லையில் வைத்துப் பிடித்தார்கள்.

வராமல் போனதற்கு மட்டும் என்றால் பதினைந்து நாள். காளை திருடியதற்கு இரண்டு வருஷம். காளை போன நேரத்தில் அவன் வேறு எங்கோ இருந்தான் என்று காட்டினால் பதினைந்து, காட்டாவிட்டால் இரண்டு வருஷம். கணக்கு அவ்வளவுதான்.

அவன் பெண்டாட்டி செல்லத்தாய் மறுநாள் கேப்பைக்கூழ் கொண்டுவந்தாள். ஏட்டு பார்க்காத பக்கமாகக் கம்பியருகில் குந்திக்கொண்டு தணிந்த குரலில் கேட்டாள்.

"எந்தச் சிறுக்கி?"

"ஒருத்தியும் இல்ல."

"எம் மேல சத்தியம் பண்ணு."

"ஒம் மேல சத்தியமா இல்ல. பாய் வீட்லதான் இருந்தேன். ஆடிக்கிட்டு இருந்தோம்."

"என்னத்த ஆடுனீக?"

விருமாண்டி முதல்முறையாக அவளுக்கு அதைச் சொன்னான். பதினொரு வருஷம் குடித்தனம் நடத்தியும் அதுவரை சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றியதும் இல்லை.

"பலகைல அறுபத்துநாலு கட்டம் இருக்கும். இந்தப் பக்கம் ஒரு ராசா, அந்தப் பக்கம் ஒரு ராசா. மந்திரி, யானை, குதிரை, ஒட்டகம், சிப்பாயி. அவரு ஒன்னு நகட்டுவாரு, நான் ஒன்னு நகட்டுவேன்."

"நகட்டி?"

"எதிராளி ராசாவப் போக எடமில்லாம மடக்கணும்."

"மடக்குனா?"

"ஆட்டம் முடிஞ்சது."

"முடிஞ்சா என்ன குடுப்பாக?"

"ஒன்னும் குடுக்க மாட்டாக. திரும்ப அடுக்கி வைப்போம்."

செல்லத்தாய், பைத்தியம் பிடித்திருக்கிறதா என்று அவன் கண்ணைப் பார்த்தாள்.

"ஒரு பொம்பளைன்னு சொல்லியிருந்தா நான் தாங்கியிருப்பேன்யா," என்றாள். "அவ கொண்டையப் பிடிச்சு இழுத்தாந்து, இங்கன நிறுத்தி, ராத்திரி என் புருசன் ஒங்கூடத்தான் கெடந்தான்னு ஏட்டுகிட்டச் சொல்ல வச்சிருப்பேன். இப்ப நான் யாரு கொண்டையப் பிடிக்க? அந்த ஒட்டகத்துக்குக் கொண்டை இருக்கா?"

கூழ்ச் சட்டியை உள்ளே தள்ளிவிட்டுப் போனாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் தேவலை.

சப்-இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை வந்தார். கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், இளவயசு. மேஜை இழுப்பறையில் எப்போதும் ஒரு துப்பறியும் நாவல் இருக்கும். அடிக்கிறதைவிடக் கண்டுபிடிக்கிறதில் அவருக்கு ருசி. அதனால் விருமாண்டி சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்தப் பாய் உன் சிநேகிதன். உனக்காக எதையும் சொல்வான். வேற யார் பார்த்தா?" என்றார்.

"வேற யாரும் இல்லைங்க."

"அப்போ உன் பேச்சை நான் எப்படி நம்பறது?"

விருமாண்டி இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அந்தக் கர்வத்தைத்தான் அவன் பின்னால் நினைத்து நினைத்து நொந்தான்.

"ஒவ்வொரு நகட்டலும் எனக்கு ஞாபகம் இருக்குங்க. மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் அப்படியே ஆடிக் காட்டுவேன். பாயும் காட்டுவாரு. ரெண்டு பேரையும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம வச்சுத் தனித்தனியாக் கேளுங்க. ஒன்னுபோல இருந்தா நாங்க பொய் சொல்லலைன்னுதான அர்த்தம்?"

சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தனை நகர்த்தல்?"

"எம் பக்கம் அறுபத்தெட்டு, அவரு பக்கம் அறுபத்தேழுங்க."

"அத்தனையும் ஞாபகம் இருக்கு?"

"ஆடுறவனுக்கு இருக்குங்க."

"ஏட்டு, சுண்ணாம்புக் கட்டி கொண்டு வாரும்," என்றார் அவர்.

ஸ்டேஷன் தரையில் சுடலை கட்டம் போட்டார். காய்களுக்கு அகப்பட்டதை எல்லாம் சேர்த்தார்கள். சிப்பாய்க்குப் புளியங்கொட்டை, யானைக்குச் செங்கல் சில்லு, குதிரைக்குக் கூழாங்கல், ஒட்டகத்துக்குக் கொட்டைப்பாக்கு, மந்திரிக்கு ஒரு காக்கிச் சட்டைப் பொத்தான், ராஜாவுக்கு மைக்கூட்டு மூடி. ஒரு பக்கத்துக் காய்களுக்கு மட்டும் சுண்ணாம்பு தடவி வெள்ளையாக்கினார்கள்.

"ஒட்டகம் எதுக்குடா? மதுரைச் சீமைல ஏது ஒட்டகம்?" என்றார் சுடலை.

"பஸ்ராவுல இருந்துச்சுங்க. அங்கன படிச்ச ஆட்டம். அது கோணலா ஓடும்."

"யானை?"

"நேரா ஓடும்."

"குதிரை?"

"ரெண்டு கட்டம் நேரா, ஒரு கட்டம் பக்கவாட்டுல. நடுவுல ஆளு நின்னாத் தாண்டிரும்."

"ராசா?"

"ஒரே ஒரு கட்டங்க. எந்தப் பக்கமும் போகலாம், ஆனா ஒன்னுதான்."

"ஒத்தக் கட்டம் போறவன் என்னடா ராசா? அவனையும் ரேகைச் சட்டத்துல பிடிச்சுப் போட்டுட்டாங்களா?"

ஸ்டேஷனில் எல்லாரும் சிரித்தார்கள். விருமாண்டியும் சிரித்தான். பிறகு நகர்த்தலை எப்படிக் காகிதத்தில் எழுதுவது என்று பிரச்சினை வந்தது. எழுதாவிட்டால் ஒத்துப்பார்க்க முடியாது. சுடலைதான் வழி சொன்னார். குறுக்கு வரிசைகளுக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை எண். நெடுக்கு வரிசைகளுக்குக் கிழமை. ஞாயிறு, திங்கள் என்று சனி வரைக்கும் ஏழு ஆயிற்று. எட்டாவது வரிசைக்கு என்ன பெயர் வைப்பது?

"அமாவாசைன்னு வைங்கண்ணே," என்றான் ஒரு கான்ஸ்டபிள்.

அப்படியே வைத்தார்கள். காளை திருட்டு வழக்கின் குறிப்பேட்டில் 'வெள்ளைச் சிப்பாய், வியாழன் நாலு' என்று முதல் வரியை எழுதினார் சுடலை.

விருமாண்டி ஆடிக் காட்ட மூன்று மணி நேரம் ஆயிற்று. இரண்டு பக்கத்தையும் அவனே நகர்த்தினான். எங்கும் தயங்கவில்லை. ஒரு காயை நகர்த்தும்போது பாதுஷா என்ன சொன்னார், எப்போது வெற்றிலை போட்டார் என்பதுகூடச் சொல்லிக்கொண்டே போனான். இருபத்தேழாவது நகர்த்தலுக்கு வந்ததும் அவன் முகம் மாறியது.

"இங்கனதாங்க பாங்கு சொன்னாக. பாய் தொழுகப் போற அவசரத்துல குதிரையத் தூக்கி, எஞ் சிப்பாய வெட்டிப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அது தப்புங்க. அந்தக் குதிரை அவுக ராசாவுக்குப் பக்கத்துல காவல் நின்னுருக்கணும். ஒரு புளியங்கொட்டைக்கு ஆசைப்பட்டு வெளிய வந்துருச்சு."

'கறுப்புக் குதிரை, அமாவாசை நாலு, சிப்பாய் வெட்டு' என்று எழுதினார் சுடலை.

"பாங்கு கேட்டதும் நீ கிளம்பற வழக்கம்தானே?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "ஏன் கிளம்பலை?"

"எப்படிங்க கெளம்ப? வியாழன் வரிசை தொறந்து கெடக்கு. என் யானை எறங்க வழி கெடைச்சிருச்சு. பதிமூணு வருசத்துல ஒரு நாளு கெடைக்கலைங்க. தொழுதுட்டு வந்து உக்காந்ததுமே பாய்க்குத் தெரிஞ்சு போச்சு. ஒன்னும் பேசல. விளக்கப் பக்கத்துல இழுத்து வச்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம் ஒவ்வொரு நகட்டலுக்கும் அம்புட்டு நேரம் யோசிச்சாரு. நானும் யோசிச்சேன். அறுபத்தெட்டாவதுல மடக்குனேன். சேவல் கூவிருச்சு."

அந்த இடத்தில் அவன் தன் செங்கல் சில்லை மைக்கூட்டு மூடிக்கு எதிரே வைத்துவிட்டுக் கையை எடுத்தான். கான்ஸ்டபிள்கள் மூடியைச் சுற்றி உற்றுப் பார்த்தார்கள். அது எங்கேயும் போக முடியாது என்று அவர்களுக்கும் புரிந்தது. மூன்று மணி நேரத்தில் அவர்களுக்கு ஆட்டம் கொஞ்சம் பிடிபட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் பாதுஷாவைக் கூட்டி வந்தார்கள். வெள்ளைத் தொப்பி, மடித்த கைலி, விரல் எல்லாம் தகரம் கீறின தழும்பு. ஸ்டேஷனுக்குள் கால் வைத்துப் பழக்கமில்லாத மனிதர். உள்ளே வந்ததும் கம்பிக்குப் பின்னால் நிற்கும் விருமாண்டியைப் பார்த்து, "மாப்ள, என்னய்யா இது?" என்றார். அவர் கண் கலங்கியது.

"பேசக் கூடாது," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "பாய், நீர் அவனுக்கு முதுகைக் காட்டி உட்காரும். விருமாண்டி, நீ அங்கேயே நின்னு பார்க்கலாம். வாயைத் திறந்து ஒரு சத்தம் வந்தாலும் இந்தப் பரீட்சை செல்லாது. புரியறதா?"

விருமாண்டி தலையாட்டினான். அவனுக்குப் பயமே இல்லை. பாதுஷாவைவிட நன்றாக ஆடுகிறவன் மதுரையில் கிடையாது. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் ஆடிய ஆட்டத்தைக்கூட எடுத்து வைத்துக் காட்டுவார்.

பாதுஷா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். புளியங்கொட்டையையும் கொட்டைப்பாக்கையும் பார்த்து முகம் சுளித்தார். பிறகு நகர்த்த ஆரம்பித்தார்.

"வெள்ளைச் சிப்பாய், வியாழன் நாலு," என்று குறிப்பேட்டைப் பார்த்து வாசித்தார் சுடலை. "சரி."

"கறுப்புச் சிப்பாய், வியாழன் அஞ்சு. சரி."

பத்தாவது நகர்த்தலில் கான்ஸ்டபிள்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். பதினைந்தாவதில் ராதாரிச் சீட்டு வாங்க வந்த ரேகைக்காரர்கள் இரண்டு பேரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு 'சரி'க்கும் கூட்டத்திலிருந்து ஒரு மூச்சுச் சத்தம் வந்தது. இருபதில் சப்-இன்ஸ்பெக்டரே நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் குந்திக்கொண்டார். "அடடா," என்றார் வாய்விட்டு. வாசலுக்கு வெளியே செல்லத்தாய் நின்றாள். அவளுக்கு உள்ளே நடப்பது தெரியாது. ஆனால் ஏட்டு சரி சரி என்று சொல்வது கேட்டது. சேலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொரு 'சரி'யையும் விரலில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இருபத்தாறு. சரி," என்றார் சுடலை.

பாதுஷா வெள்ளையின் இருபத்தேழாவதை நகர்த்தினார். அதுவும் சரி. பிறகு கறுப்புக் கூழாங்கல்லை எடுத்தார். விருமாண்டி கம்பியிலிருந்து கையை எடுத்தான். இந்த ஒன்றைத் தாண்டினால் போதும், இனி வீடுதான் என்று நினைத்தான்.

பாதுஷா கூழாங்கல்லைச் சனி ஆறிலிருந்து தூக்கிப் பின்னால் கொண்டுபோய், தன் ராஜாவுக்குப் பக்கத்தில், வெள்ளி எட்டில் வைத்தார்.

சுடலை குறிப்பேட்டை மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். தரையைப் பார்த்தார். வாய் பாதி திறந்தபடியே நின்றது.

விருமாண்டிக்குப் புரிந்துவிட்டது. சனிக்கிழமை ராத்திரி தோற்றதிலிருந்து அந்த மனிதர் தூங்கியிருக்க மாட்டார். தகரம் வெட்டும்போதும் சாப்பிடும்போதும் தொழும்போதும் அந்தக் குதிரையைத் திரும்பத் திரும்பச் சரியான இடத்தில் வைத்துப் பார்த்திருப்பார். மூன்று நாளில் முந்நூறு தடவை வைத்திருப்பார். உண்மையில் வைத்தது ஒரே ஒரு தடவை, அதுவும் எழுந்து போகிற அவசரத்தில். முந்நூறு ஒன்றை அழித்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. இல்லை, ஸ்டேஷன் முழுக்கப் பார்க்கும்போது தன் தப்பைப் போட்டுக்காட்ட மனசு வரவில்லையோ? அது விருமாண்டிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

பாதுஷா நிறுத்தவில்லை. வெள்ளையின் அடுத்ததை நகர்த்தினார். கறுப்பை நகர்த்தினார். விருமாண்டி நாக்கைக் கடித்தான். இன்னும் கொஞ்சம் போனால் அவருக்கே உறைக்கும். தானாக நிறுத்தி, ஐயா தப்பாக வைத்துவிட்டேன் என்பார். இரண்டு நகர்த்தல் பொறுத்தான். மூன்றாவதில் பாதுஷாவின் மந்திரி வெள்ளை ராஜாவை நோக்கி இறங்கியபோது அவனுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்துவிட்டது.

"அய்யோ மச்சான்..."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பாதுஷா திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

"அய்யா... நில்லுங்க. நான் தப்பா வச்சுட்டேன். குதிரை அங்க போகல. சிப்பாய வெட்டுச்சு. இதோ, இந்தக் கட்டம். அமாவாசை நாலு. பாங்கு சொல்லிட்டாங்க, அவசரத்துல வெட்டிட்டேன். அல்லா மேல ஆணையா வெட்டிட்டேன்."

"ரொம்ப சரி," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை. ஏமாந்துபோனவர் குரல். "அவன் முகத்தைப் பார்த்ததுக்கு அப்புறம் ஞாபகம் வர்றது."

"அய்யா, மிச்சத்தையும் ஆடிக் காட்டுறேன். அறுபத்தெட்டு வரைக்கும் காட்டுறேன். பாருங்கய்யா."

"வேண்டாம் பாய். நீர் காட்டினவரைக்கும் எனக்குப் போதும். இருபத்தாறு நகர்த்தல் ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கு. அது பொய்யில்லை, நான் ஒத்துக்கறேன். பாங்கு சொல்ற வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து ஆடியிருக்கேள். பாங்குக்கு அப்புறம் அவன் ஆட்டம் ஒண்ணு, உம்ம ஆட்டம் ஒண்ணு. ஏன்னா அப்போ அவன் அங்கே இல்லை. கிளம்பிட்டான். காளை எத்தனை மணிக்குப் போச்சு, ஏட்டு?"

"பத்துக்கும் பன்னெண்டுக்கும் நடுவுலைங்க."

"காஜிமார் தெருவிலேர்ந்து நடந்து வர நேரம் தாராளமா இருக்கு."

பாதுஷா தரையில் உட்கார்ந்தபடியே அவர் காலைப் பிடிக்கப் போனார். ஒரு கான்ஸ்டபிள் அவர் தோளைப் பிடித்துத் தூக்கினான். எழும்போது அவர் கைலி பட்டுப் புளியங்கொட்டைகள் கலைந்தன. "ஐயோ, கலைக்காதீங்க," என்று பாதுஷாவே கத்தினார். கலைந்தால் இனி என்ன, கலையாவிட்டால் என்ன?

வெளியே கொண்டுபோகும்போது அவரைச் செல்லத்தாய் வழிமறித்தாள். "சரி சரின்னு இம்புட்டு நேரம் சொன்னாகளே. எண்ணிக்கிட்டே இருந்தேனே. என்னா ஆச்சு பாய்?"

பாதுஷா அவளுக்கு விளக்க முயன்றார். குதிரை என்றார், காவல் என்றார், பாங்கு என்றார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் அவர் நிறுத்திவிட்டார்.

புதன்கிழமை விருமாண்டியைக் கோர்ட்டுக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். கையில் விலங்கு, விலங்கிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை ஏட்டு சுடலையின் இடுப்பு வாரில். வைகைக் கரையோரமாக நடந்தார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் ஊற்றுத் தோண்டிப் பெண்கள் குடம் நிறைத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோச்சடையைத் தாண்டினார்கள்.

"ஏண்டா விருமாண்டி," என்றார் சுடலை, முன்னால் பார்த்தபடியே.

"சொல்லுங்கண்ணே."

"பாய் தரையில வச்சாரே, வெள்ளி எட்டு. நெசமாவே அன்னைக்கு அங்கன வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

விருமாண்டி அதைத்தான் ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தான். லாக்கப்பில் கட்டம் போடச் சுண்ணாம்பு இல்லை. தேவையும் இல்லை. கண்ணை மூடினால் போதும். பாதுஷா போட்ட வழியிலேயே போய்ப் பார்த்தான். தன் யானையை அப்படி இறக்கிப் பார்த்தான், இப்படி இறக்கிப் பார்த்தான். ஒட்டகத்தைக் குறுக்கே விட்டுப் பார்த்தான். எங்கே போனாலும் அந்தக் குதிரை நின்றது.

"நான் தோத்துருப்பேண்ணே. ஏழு நகட்டல். மிஞ்சிப்போனா எட்டு."

"அதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்?"

"நேரமே ஆகாது. தோக்கப் போறதுன்னு தெரிஞ்சா நான் யோசிக்க மாட்டேன், வெரசா நகட்டிருவேன். அவரு தொழுதுட்டு வந்ததும் ஆட்டம் முடிஞ்சிருக்கும். காயைப் பெட்டிக்குள்ள போட்டுட்டு, வாரேன் மச்சான்னு கெளம்பியிருப்பேன்." அவன் விலங்கைக் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டான். மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. "ஒம்பது மணிக்கு வந்து ஆஜர் சொல்லியிருப்பேன்."

சுடலை நின்றார். கயிறு இழுபட்டதால் விருமாண்டியும் நிற்க வேண்டியதாயிற்று. ஏட்டு தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்து, திரும்பக் கட்டிக்கொண்டார்.

"நட," என்றார். "கோர்ட்டு பதினோரு மணிக்கு."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கேட்டார். "குதிரை எப்படிப் போகும்னு சொன்ன? ரெண்டு நேரா, ஒன்னு பக்கவாட்டுல. அதுதான?"

"ஆமாண்ணே," என்றான் விருமாண்டி. "நடுவுல ஆளு நின்னாத் தாண்டிரும்."